தபால்காரர் இறங்குகிற மாதிரி

லீட்ஸ்
இங்கிலாந்து
நவம்பர் 24

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வாட்ஸப்பில் நாலு வரி போட்டுச் சமாளித்துவிடலாம் என்று பார்த்தேன். நீ நாலு பக்கம் எழுதியிருக்கும்போது அது நியாயமில்லை. அதோடு மூன்று நாளாக இடது முழங்கையை மடக்க முடியவில்லை, அதனால் தட்டச்சும் ஓடவில்லை. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

உன் பையனுக்கு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது கேட்டு ரொம்ப சந்தோஷம். மெக்கானிக்கல் வேண்டாம், கம்ப்யூட்டர்தான் என்று அடம்பிடித்தானாமே, விடு. பத்து வயதில் ரிம்முக்குக் கோட்டம் எடுத்த பையன், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். பிளஸ் ஒன் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளை நேராக உன் கடைக்கு உருட்டிக்கொண்டு வந்து நட்டு இறுக்கச் சொல்வதைப் படித்துச் சிரித்தேன். உன் அப்பாவின் வாடகைச் சைக்கிள் நோட்டு இன்னும் பரணில் இருக்கிறதா? என் பேரில் ஏதாவது பாக்கி இருந்தால் சொல்லாதே.

சரி, போட்டோ விஷயம். நான் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறுகிற படத்தைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் "பஞ்சரா?" என்று கேட்டிருந்தாய். அம்மா உனக்கு மேலே போய்விட்டாள். "ஓட்டத்தானேடா வாங்கினே, எதுக்குத் தூக்கிக்கிட்டு ஓடறே?" பஞ்சர் இல்லை சேகர். பந்தயமே அப்படித்தான்.

சைக்ளோகிராஸ் என்று பெயர். இங்கே சுருக்கமாக கிராஸ் என்பார்கள். செப்டம்பரில் ஆரம்பித்துக் குளிர்காலம் முழுக்க நடக்கும். புல், மரத்தடி, மணல், சேறு என்று எல்லாம் கலந்து, இரண்டரை மூன்று கிலோமீட்டருக்கு நாடா கட்டி ஒரு பாதை போடுவார்கள். அதில் குறித்த நேரம்வரை சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஓட்ட முடியாத இடத்தை வேண்டுமென்றே வைப்பார்கள். செங்குத்தான மேடு வரும், படிக்கட்டு வரும், முழங்கால் உயரத்துக்குக் குறுக்கே பலகை வரும். அங்கெல்லாம் இறங்கி, தூக்கி, ஓடி, மறுபடி ஏற வேண்டும். சாலைப் பந்தயக்காரர்கள் குளிர்காலத்தில் உடம்பு கெட்டுவிடாமல் இருக்க பிரான்ஸில் வயல்வெளியில் ஓட்டிப் பழகியதுதான் ஆரம்பம். 1902இல் அங்கே தேசியப் போட்டியே வைத்துவிட்டார்கள். 1910இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ஒக்டாவ் லபீஸ், இந்தச் சேற்றுப் பழக்கத்தால்தான் ஜெயித்தேன் என்று சொல்லப்போக, எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. இன்றைக்கு இதன் தாய்வீடு பெல்ஜியம். அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்து, கையில் பீரும் பொரித்த உருளைக்கிழங்குமாக மழையில் நின்று பார்க்கிறார்கள்.

என் ஊர் மட்டும் லேசுப்பட்டதா? வீட்டுக்குப் பக்கத்து ரவுண்ட்ஹே பூங்காவில்தான் 1992இல் உலகப் போட்டி நடந்தது. 2022இல் அமெரிக்காவில் உலகப் பட்டம் வென்ற டாம் பிட்காக் எங்கள் லீட்ஸ் பையன். கடைசியில் சீட்டின்மேல் வயிற்றை வைத்துப் படுத்து, சூப்பர்மேன் மாதிரி காலை நீட்டிக்கொண்டே முடிவுக் கோட்டைத் தாண்டினான். அதைப் பார்த்துவிட்டு நாற்பத்து நான்கு வயதில் எனக்கு ஆசை வந்தது என்றால் சிரிப்பாய். சிரி.

நீ கேட்காவிட்டாலும் உனக்கு வண்டியைப் பற்றித்தான் தெரிய வேண்டும். பழைய வண்டி, 450 பவுண்டு. நம் காசுக்கு ஐம்பதாயிரத்துக்குக் கிட்டே. முதலில் பார்த்தால் வளைந்த ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும். ஆனால் டயரில் முள் முள்ளாகப் பட்டன் இருக்கும். சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே சேறு வழிந்து போக இடம் விட்டிருப்பார்கள். உலகப் போட்டிகளில் டயர் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம். உள்ளூர்ப் பந்தயத்தில் யாரும் அளவுகோலோடு வருவதில்லை. மட்கார்டு, ஸ்டாண்டு, பெல் எதுவும் கிடையாது. தண்ணீர் பாட்டில் மாட்டுகிற கூண்டைக்கூடக் கழற்றிவிட்டேன், தோளில் போடும்போது விலாவில் குத்துகிறது.

காற்று விஷயத்தைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். ரோட்டில் 80 பவுண்டு காற்று அடித்துப் பழகியவன் நான். இதற்கு 25 போதும் என்றார்கள். உன் அப்பா கட்டை விரலால் டயரை அமுக்கி, "இன்னும் ரெண்டு அடி அடிடா" என்பாரே, அவர் இதைத் தொட்டுப் பார்த்திருந்தால் கடையை விட்டு வெளியே விட்டிருக்க மாட்டார். ஆனால் காரணம் இருக்கிறது. காற்று குறைந்தால் டயர் தரையோடு படிந்து பிடிக்கும், கல்லாக இருந்தால் ஈரப்புல்லில் வழுக்கும். ரொம்பக் குறைத்தாலோ வேர் தட்டும்போது ரிம் இடித்து ட்யூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும், அது உனக்கே தெரியும். அதனால் ட்யூபே போடுவதில்லை. டயருக்குள் பால் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றிவிடுகிறோம். முள் குத்தினால் அதுவே போய் அடைத்துக்கொள்ளும். பஞ்சர் ஒட்டுகிறவன் வயிற்றில் அடிக்கிற கண்டுபிடிப்பு, மன்னித்துக்கொள்.

பழகியது எட்டு வாரம். ரவுண்ட்ஹேயில் ஹில் 60 என்று ஒரு புல்சரிவு இருக்கிறது. முதல் உலகப்போரில் பெல்ஜியத்தில் அதே பெயருள்ள மேட்டில் இறந்த லீட்ஸ் வீரர்களின் நினைவாக வைத்த பெயர். காலையில் வேலைக்குப் போகும் முன் அதில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஆறு தடவை ஏறுவேன். நாய் கூட்டிவருகிறவர்கள் எனக்குக் 'குட்மார்னிங்' சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

புதன்கிழமை ராத்திரி ஒரு மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பழகுவோம். சொல்லிக்கொடுக்கிறவருக்கு எழுபதை நெருங்கும். முதல் நாள் புல்லில் ஒரு பலகையை நிறுத்திவைத்து, ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கிக் காட்டினார். வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றி இடது பக்கம் கொண்டுவந்து, இடது பெடல்மேல் ஒற்றைக் காலில் நின்றபடி கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு வந்து, அப்படியே ஓட்டமாகத் தரையில் கால் வைக்க வேண்டும். செயின் வலது பக்கம் இருப்பதால் எப்போதும் இடது பக்கம்தான் இறங்குவது. கூட வந்த இளவட்டங்கள் பயந்து பயந்து, பிரேக்கைப் பிடித்து நின்றுவிட்டு இறங்கினார்கள். என் முறை வந்தது. யோசிக்கவேயில்லை, இறங்கிவிட்டேன். பெரியவர் வாயைப் பிளந்துவிட்டு, "இதற்கு முன்னால் எங்கே ஓட்டியிருக்கிறாய்?" என்றார்.

சேகர், அது நம் தெருத் தபால்காரர் இறங்குவது! ஹேண்டில்பாரில் பை தொங்க, வீட்டுக்குப் பத்தடி முன்னாலேயே வலது காலைத் தூக்கிப்போட்டு, ஒற்றைப் பெடலில் நின்றபடியே திண்ணைக்கு வந்து, கடிதத்தைப் போட்டுவிட்டு, முழுக்க நிற்காமலே தள்ளிக்கொண்டு போவாரே! நம் ஊரில் ஆம்பிளைகள் எல்லோரும் அப்படித்தானே இறங்கினோம். நான் விளக்கிச் சொன்னேன். பெரியவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அன்றிலிருந்து என்னைத் தபால்காரர் என்றே கூப்பிடுகிறார்.

அந்தப் பெருமை ஏறும்வரைதான். நாம் இடது பெடலில் கால் வைத்து, தத்தித் தத்தி, காலைத் தூக்கிப்போட்டு ஏறுவோம். இங்கே அது செல்லாது. ஓடிக்கொண்டே எம்பி, வலது தொடையின் உள்பக்கம் சீட்டில் சறுக்கி உட்கார வேண்டும். நடுவில் ஒரு அரைத்தாவல் போடக்கூடாது. நான் ஒன்றுக்கு மூன்று போடுவேன். மூன்றாவதில் எங்கே போய் உட்கார்ந்தேன் என்பதை மரியாதைக்குரிய கடிதத்தில் எழுத முடியாது.

பந்தயம் போன ஞாயிறு, ஊருக்கு வெளியே ஒரு பள்ளி மைதானத்தில். ஆறு டிகிரி குளிர், இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலையிலேயே எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஓட்டி முடித்திருந்தார்கள். ஒரு சிறுமி சேற்றில் முகம்குப்புற விழுந்து, எழுந்து, அழாமல் போனதைப் பார்த்தபிறகு நான் திரும்பிப் போவதற்கு வழியில்லாமல் போயிற்று. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 40 நிமிடம். புதியவனுக்குக் கடைசி வரிசை. முதுகில் நம்பர் குத்த ஊக்கு எடுத்த என் கை நடுங்கிய நடுக்கத்தில், பக்கத்தில் நின்றவர் தானாகவே வாங்கிக் குத்திவிட்டார்.

விசில் ஊதியதும் எண்பது பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி பாய்ந்தார்கள். பாதை குறுகுவதற்குள் முன்னால் போய்விட வேண்டும் என்பது கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு தேவையில்லை என்று தெரிந்தும் நானும் பாய்ந்தேன். இரண்டாவது நிமிடத்திலேயே வாயில் இரும்பு ருசி. மூச்சு காதில் கேட்கிறது. சரிவின் குறுக்கே போகிற ஒரு இடம் இருந்தது. இடது பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம், நடுவில் எண்ணெய் தடவிய மாதிரி சேறு. முன்னால் போனவர்கள் எல்லோரும் மேட்டுப் பக்கக் காலைத் தொங்கவிட்டு ஊன்றி ஊன்றிப் போனார்கள். நான் பிரேக்கைத் தொட்டேன். தொடக்கூடாது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

முழங்கை போனது அதில் இல்லை. இரண்டாவது சுற்றில் பலகை வந்தது. இதுதானே நம் இடம் என்று வேகத்தைக் குறைக்காமல் போனேன். வலது கால் அழகாகச் சுழன்று வந்தது. ஆனால் தபால்காரர் சாதாரணச் செருப்பு போட்டிருந்தார். என் ஷூவின் அடியில் பெடலோடு மாட்டிக்கொள்ளும் ஒரு கொக்கி இருக்கிறது, குதிகாலை வெளியே திருப்பினால்தான் விடும். அதில் சேறு அடைத்திருந்தது. விடவில்லை. ஒற்றைக் காலில் நின்றபடி, சிலை மாதிரி, நேராகப் போய்ப் பலகையில் மோதி விழுந்தேன். வேலியோரம் எங்களை உற்சாகப்படுத்த மாட்டுமணி ஆட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா மணியை நிறுத்திவிட்டு, "ஒன்றுமில்லையே கண்ணு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உடனே மறுபடி மணியை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

அதன்பிறகு தூக்கல்தான். சக்கரத்தில் புல்லும் சேறும் சுற்றிக்கொண்டு உருள மறுத்தது. பெரிய ஆட்களுக்கு இரண்டாவது வண்டி இருக்கும். பாதையில் அதற்கென்று ஒரு இடம் உண்டு, அழுக்கு வண்டியைப் போட்டுவிட்டுச் சுத்தமானதை எடுத்துப் போவார்கள், அடுத்த சுற்றுக்குள் உதவியாள் முந்தையதைக் கழுவிவைப்பார். எனக்கு இருப்பது ஒரு வண்டி, ஒரு மனைவி. அவள் காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆகவே விரலாலேயே சேற்றை வழித்தேன். எம்பி ஏறுவதையும் கைவிட்டேன். பலகை தாண்டியதும் நம் ஊர்ப் பாணியில் தத்தித் தத்தி ஏறினேன். பெரியவர் நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்று, "தபால்காரரே, தந்தி எதுவும் இல்லையா?" என்று கத்தினார்.

முதலில் ஓடியவன் என் மூன்றாவது சுற்றிலேயே பின்னால் வந்துவிட்டான். "வலது பக்கம் வர்றேன், நண்பா!" என்று ஒரு குரல், ஒரு காற்று, அவ்வளவுதான், ஆள் இல்லை. மூச்சு வாங்காமல் பேசினான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டில் ஒரு கருணை இருக்கிறது, சேகர். முதல் ஆள் கோட்டைத் தாண்டிவிட்டால் மற்றவர்களுக்கும் அந்தச் சுற்றோடு முடிந்தது. அவன் ஆறு சுற்று, நான் நான்கு. மட்டமாக ஓட்டுகிறவனுக்குத் தூரம் குறைவு. நம் பள்ளிக்கூடத்தில் இந்த விதி இருந்திருந்தால் எட்டாம் வகுப்பு விளையாட்டு விழாவில் நான் அரை மைதானம் தனியாக ஓடியிருக்க வேண்டாம். எழுபத்தியோராவது வந்தேன். எனக்குப் பின்னால் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் வண்டி உடைந்து பாதியில் நின்றவர்கள் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

டீயும் கேக்கும் கொடுத்தார்கள். கை மரத்துப்போய்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. ராத்திரி முழுக்க வறட்டு இருமல். குளிர்காற்றை அவ்வளவு வேகமாக இழுத்தால் எல்லோருக்கும் வருமாம். உடுப்பைத் துவைக்கும் மிஷினில் போட்டதற்கு வீட்டில் நடந்த விசாரணையை எழுத இடம் போதாது.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. பந்தயம் முடிந்து எல்லோரும் வரிசையில் நின்று பீச்சுகிற தண்ணீரில் வண்டியைக் கழுவினோம். நான் ஆசை ஆசையாய்ப் பின் சக்கரத்தின் நடு ஹப்பில் நேராகவே அடித்துவிட்டேன். தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது போலிருக்கிறது, சக்கரத்தைச் சுற்றினால் கரகரவென்கிறது. இங்கே கடையில் கேட்டால் மொத்தமாக மாற்று என்கிறார்கள். இது குண்டுகள் தனித்தனியாக இருக்கிற பழைய மாடல், குண்டுகளை அழுத்திப் பிடிக்கிற கோன் போட்டது. உன் அப்பா மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவி, கிரீஸ் வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்குவாரே, எத்தனை குண்டு என்று எண்ணிக்கொள்ளச் சொல்லி என்னை உட்காரவைப்பார். கோனை எவ்வளவு இறுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் எனக்கு ஞாபகமில்லை. சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி வாட்ஸப்பில் அனுப்புகிறேன். கேட்டுவிட்டு உடனே சொல். அடுத்த பந்தயம் டிசம்பர் முதல் ஞாயிறு.

அன்புடன்,
பாலு

பி.கு.: அம்மாவைப் பார்த்தால் முழங்கையைப் பற்றி வாயைத் திறக்காதே.