ஓடும்போதே விழுந்தால் குளுக்கோஸ் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி விளையாட்டு விழாவிலோ காவலர் தேர்வின் 1,500 மீட்டர் ஓட்டத்திலோ ஒருவர் மயங்கி விழுந்தால், ‘காலையில் சாப்பிட்டிருக்க மாட்டான், வெயில் வேறு’ என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தாரா, ஓடி முடித்து நின்ற பிறகா என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

நின்ற பிறகு வரும் மயக்கம் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளுவது சட்டென நின்றுபோவதால் ரத்தம் காலில் தேங்கி, ரத்த அழுத்தம் இறங்குகிறது. வியர்க்கும், குமட்டும், கண் இருட்டும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடும். ஓட்டத்தின் நடுவே, கையைக்கூட ஊன்றாமல் முகம் அடிபட விழுவது வேறு. இதயம் காரணமில்லை என்று உறுதியாகும்வரை அதை இதயக் கோளாறாகவே கருத வேண்டும். கை கால் வெட்டியிழுத்ததைப் பார்த்து வலிப்பு என்று முடிவு கட்டி, வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. மூளைக்கு ரத்தம் போகாவிட்டாலும் அப்படி இழுக்கும்.

குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்களைப் பற்றி விசாரியுங்கள். நீச்சல் தெரிந்தும் நீரில் மூழ்கி இறந்தவரையும் விட்டுவிடாதீர்கள். பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறுகள் சில நீந்தும்போது வெளிப்படும்.

‘ஈசிஜி நார்மல்’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடக் கூடாது. அடுத்து எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதயத் தசைச் சுவர் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தாலும், இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வழியிலுள்ள மகாதமனி வால்வு சுருங்கியிருந்தாலும் அதில் தெரியும். 2003இல் லியோனில் ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கு இருந்தது இந்தத் தசைத் தடிப்புதான். எக்கோ பார்க்காமல், ஓடவிட்டு ஈசிஜி எடுக்கும் டிரெட்மில் சோதனையில் ஏற்றக் கூடாது. வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கு அந்தச் சோதனையே ஆபத்து.

எக்கோவும் சரியாக இருந்தால், மருத்துவர் பக்கத்தில் இருக்க, தாறுமாறான துடிப்பை மின் அதிர்ச்சியால் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டரைத் தயாராக வைத்துக்கொண்டு டிரெட்மில் சோதனை செய்ய வேண்டும். வயதுக்கேற்ற உச்சத் துடிப்பில் 85 சதவீதம் வந்ததும் நிறுத்திவிடாமல், முடிந்தவரை ஓடவிட வேண்டும். உழைப்பின் உச்சத்தில் மட்டும் தலைகாட்டும் துடிப்புக் கோளாறு, ஓய்வில் எடுக்கும் ஈசிஜியில் தெரியாது. இதயத் தமனி தவறான இடத்திலிருந்து கிளம்புவது எக்கோவுக்கும் தப்பலாம். அதற்கு, ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சிடி ஆஞ்சியோ வேண்டும்.

இவையெல்லாம் முடியும்வரை அந்தப் பிள்ளையை மைதானத்தில் இறக்காதீர்கள், மாவட்டப் போட்டி அடுத்த வாரமே என்றாலும்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு: விழுந்தவர் அசைவில்லாமல், இயல்பாக மூச்சுவிடாமல் இருந்தால் தண்ணீர் புகட்ட வேண்டாம். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நடுமார்பில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள்.

இதயநோய் மருத்துவர்,
திருச்சி