எழுத்து ஓடும்போது எழுந்து போகாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் படங்கள், தொடர்களின் பாடல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதற்கென்று ஒரு பத்திரிகை இரண்டு பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதில் வந்தவை எல்லாமே தொடக்கப் பாடல்கள். நருடோ, எவாஞ்செலியன், அட்டாக் ஆன் டைட்டன் என்று பிள்ளைகளின் ரிங்டோனில் ஏற்கெனவே இருப்பவை. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டிய பாட்டுகள் அவை, அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. என் ஆதங்கம் வேறு. அனிமேயில் மனசில் தங்குகிற பாட்டுகள் பலவும் கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது வருபவை. அவற்றை நாம் கேட்பதே இல்லை.

இசாவோ தகாஹாதா 1991-ல் இயக்கிய ‘ஒன்லி யெஸ்டர்டே’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாயேகோ டோக்கியோவில் ஆபீஸ் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண். லீவு போட்டுவிட்டு யமகதா பக்கம் ஒரு கிராமத்துக்குக் குசும்பப் பூ பறிக்கப் போகிறாள். அவளை ஸ்டேஷனிலிருந்து அழைத்துப் போகும் தோஷியோ காரில் ஒரு கேசட்டைப் போடுகிறான். ஹங்கேரி நாட்டு முசிகாஸ் குழுவின் பாட்டு. ‘இது விவசாயிகளின் இசை, நானும் விவசாயிதானே’ என்கிற பொருளில் அவன் பேசும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பூ பறிக்கும் காட்சியில் பல்கேரியப் பெண்களின் கூட்டுக்குரல் எழும்புகிறது. ஜப்பானியக் கிராமத்து வயலுக்கு கிழக்கு ஐரோப்பிய நாட்டுப்பாடல் எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள், அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இனிதான் முக்கியமான இடம். லீவு முடிந்து தாயேகோ ரயிலேறிவிடுகிறாள். ரயில் கிளம்புகிறது, பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன, பாட்டு ஆரம்பிக்கிறது. இதோடு படம் முடிந்தது என்று எழுந்து போகிறவர்கள் அவள் டோக்கியோ போய்ச் சேர்ந்தாள் என்றே நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் கதையின் முடிவே அந்தப் பாட்டுக்குள்தான் இருக்கிறது. படம் நெடுக அவள் நினைவில் வந்துபோன ஐந்தாம் வகுப்புத் தோழர்கள், அன்றைய சின்ன உருவத்திலேயே, ரயில் பெட்டிக்குள் வந்து அவளைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வந்த வழியே திரும்புகிறாள். தோஷியோ காரை எடுத்துக்கொண்டு வருகிறான். பிள்ளைகள் கூடவே ஓடுகிறார்கள். வசனம் எதுவும் கிடையாது, பாட்டு மட்டும்தான். அமெரிக்கப் பாடகி பெட் மிட்லர் 1979-ல் பாடிய ‘தி ரோஸ்’ பாட்டின் மெட்டுக்கு ஜப்பானிய வரிகளை எழுதியவர் தகாஹாதாவே. பாடியவர் ஹருமி மியாகோ. எங்கா என்ற ஜப்பானியப் பாட்டுப் பாணியில் குரலை நடுக்கியும் உறுமியும் பாடிப் பேர் வாங்கியவர் அவர். இங்கே அந்த வித்தைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு நிதானமாகப் பாடுகிறார். இதைக் கேட்காமல் அந்தப் படத்தைப் பார்த்ததாகச் சொல்லவே முடியாது.

இயக்குநர் மியாசாகியின் ‘போர்கோ ரோஸோ’ (1992) பன்றி முகம் கொண்ட ஒரு விமானியின் கதை, விமானச் சண்டைக்காகப் பேசப்படும் படம். நான் அதைப் பாடகி தோகிகோ கதோவுக்காகப் பார்க்கச் சொல்வேன். ஓட்டல் நடத்தும் ஜீனாவுக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான், அவள் பிரெஞ்சில் பாடும் ‘செர்ரிப் பழக் காலம்’ பாட்டைப் பாடியவரும் அவர்தான். 1871-ல் பாரிஸ் மக்கள் நடத்திய ‘பாரிஸ் கம்யூன்’ புரட்சியின் நினைவோடு ஒட்டிப்போன பழைய காதல் பாட்டு அது. கதோ ஜப்பானில் 1960-களின் மாணவர் போராட்டக் காலத்து மனுஷி. போராட்டத்தில் சிறைக்குப் போன தலைவர் ஒருவரை, அவர் சிறையில் இருக்கும்போதே 1972-ல் கல்யாணம் செய்துகொண்டவர். அந்தப் பாட்டை அவர் குரலில் கேட்பதற்கு ஒரு கனம் உண்டு. படத்தின் முடிவில் வருவது அவரே எழுதி இசையமைத்த இன்னொரு பாட்டு. ஒரே ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்த இளமைக் காலத்தைப் பற்றியது. அது ஒலிக்கும்போது திரையில் அந்தக் காலத்து விமானிகளின் படங்கள் வருகின்றன, எல்லாருக்கும் பன்றி முகத்தோடு.

தொடர்களில் ‘முஷிஷி’யை (2005) விட்டுவிடக் கூடாது. கிளாஸ்கோக்காரர் அலி கெர் கிட்டாரோடு பாடும் தொடக்கப் பாட்டு ஓரளவு தெரிந்ததுதான். தொடரின் இசையமைப்பாளர் தோஷியோ மசுதா செய்த வேலை பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனித்தனியாக ஒரு முடிவிசை அமைத்திருக்கிறார். அந்தந்தக் கதையின் துயரமோ நிம்மதியோ அந்த இசையில்தான் போய் அடங்குகிறது.

சதோஷி கோனின் ‘மில்லேனியம் ஆக்ட்ரஸ்’ (2001) முடிவில் வரும் சுசுமு ஹிராசாவாவின் பாட்டையும் ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். தொடக்கப் பாட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறேன்: ‘கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ தொடருக்கு (2002) யோகோ கன்னோ இசையில் ஓரிகா பாடியது. சைபீரியாவில் பிறந்து ஜப்பானில் பேர் எடுத்த பாடகி அவர். ரஷ்யன், லத்தீன், ஆங்கிலம் மூன்றும் ஒரே பாட்டில் வருகின்றன. 2015-ல், 44 வயதில் போய்விட்டார்.

நம் நாட்டோடு தொடர்புள்ளதும் ஒன்று உண்டு. யூகோ சாகோ, ராம் மோகன் உள்ளிட்டோர் சேர்ந்து இயக்கிய ராமாயண அனிமே 2025 ஜனவரியில் தமிழ் பேசித் தியேட்டருக்கு வந்தது. 1990-களில் எடுத்த அந்தப் படத்தின் ஆங்கில வடிவத்தில் வன்ராஜ் பாட்டியா இசையில் சமஸ்கிருதப் பாட்டுகள் இருக்கின்றன. படத்தைப் பற்றிப் பேச்சு வந்த அளவுக்கு அவற்றைப் பற்றி வரவில்லை.

தொலைக்காட்சித் தொடர்களில் தொடக்கமும் முடிவும் வழக்கமாக ஒன்றரை நிமிடம்தான். அதற்குள் அடங்குவது பெரும்பாலும் பல்லவியும் ஒரு சரணமும். இரண்டாவது சரணம் முழுப்பாட்டில்தான் இருக்கும், அதைத் தனியாகத் தேடித்தான் கேட்க வேண்டும். அந்த ஒன்றரை நிமிடத்தையும் இப்போது படம் பார்க்கும் செயலிகள் விடுவதில்லை. பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே திரை ஓரமாகச் சுருங்கி, அடுத்த அத்தியாயம் வரப்போகிறது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறது. எங்கள் ஊர்த் தியேட்டரில் அண்மையில் ஒரு அனிமே படம் பார்த்தபோது, முடிவுப் பாட்டின் முதல் வரிக்கே விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். பல்லவி முடியுமுன் ஒலியையும் நிறுத்திவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலர் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டும் பலனில்லை. அவர்களும் டிக்கெட் எடுத்து வந்தவர்கள்தானே? பாட்டு முடியும்வரை அந்த நான்கைந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்கும்படி தியேட்டர்காரர்களை உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். சினிமாப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால்கூடப் போதும், அவர்கள் படிக்கிறார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சென்ற இதழ்க் கட்டுரையில் தொடரின் பெயரும் பாடியவர் பெயரும் மட்டும் இருந்தன. ரேடியோவில் ஒரு பாட்டு வந்தால் ‘மியூசிக் யாரு, பாட்டு யார் எழுதினது’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அடுத்த பட்டியலில் இசையமைத்தவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்.