அரிய பறவையின் இருப்பிடத்தை உடனே பகிராதீர்கள்: குமரி மாவட்டப் பறவை ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் பறவை பார்க்கும், படம் பிடிக்கும் நண்பர்களுக்கும் வாட்ஸ்அப் குழுக்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி மழையில் குளங்கள் பெருகி, தேரூரிலும் சுசீந்திரத்திலும் வாத்துகள் இறங்கத் தொடங்கிவிட்டால் நம் கைபேசிகளுக்கு ஓய்வே கிடையாது. யார் எங்கே எதைப் பார்த்தார்கள் என்பது காலைக் காப்பிக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. கூடு, ஆந்தை போன்றவை பகலில் அடையும் மரம், வழிதவறிக் களைத்து வந்து இறங்கிய பறவை ஆகிய மூன்றின் லொக்கேஷனை மட்டும், பறவை அங்கே இருக்கும்வரை குழுவில் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுப்பும் வேம்பனூரும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. வேம்பனூரின் பரப்பு 20 ஹெக்டேர்கூட இல்லை. இத்தனை சிறிய நீர்நிலைக்காக வாதாட வேண்டிவந்தால், ஆண்டுதோறும் எழுதிவைத்த பறவைக் கணக்கைவிட வலுவான சான்று நம்மிடம் வேறு எதுவும் இல்லை. நாளைக்கு யாராவது மண்ணடித்து நிரப்ப வந்தால் நாம் எடுத்து நீட்டப்போவதும் அதைத்தான். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, ஊசிவால் வாத்து, மீசை ஆலா எதைப் பார்த்தாலும் எண்ணி, தேதியும் குளத்தின் பெயரும் போட்டுப் பதிவிடுங்கள். அதைக் குறைக்கவே கூடாது.

தவளைபோல அகன்ற வாயுள்ள இரவுப் பறவையான தவளைவாயன் விஷயம் வேறு. நம் மலையடிவாரத்தில் அது ஆணும் பெண்ணுமாக ஒட்டிக்கொண்டு, காய்ந்த சருகு இரண்டு கொடியில் சிக்கியதுபோல உட்கார்ந்திருக்கும். பகலெல்லாம் அசையாது, பெரும்பாலும் நாட்கணக்கில் அதே கொம்புதான். அதனால்தான் ஒருமுறை இடம் தெரிந்துவிட்டால் அதற்குத் தப்ப வழியில்லை. ஆள் நெருங்கினால் அலகை மேலே தூக்கி, கண்ணைக் கீற்றாக இடுக்கிக்கொண்டு மரக்கட்டைபோல நிற்கும். “பாருங்கள், பயமே இல்லை” என்று சிலர் இன்னும் ஓர் அடி முன்னே போகிறார்கள். அதன் பயமே அதுதான், நண்பர்களே. ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும். பகலில் அடைகாப்பது ஆண். மறைக்கிற கிளையை ஒடித்துவிட்டுப் படமெடுத்தால், வெயிலும் காகமும் நேரே அந்த முட்டைக்கு வந்துவிடும். எந்தத் தோட்டம், எந்த ஆற்றங்கரை என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

உப்பளப் பக்கம் பிரச்சினை வேறு மாதிரி. போன பருவத்தில் வயதான தொழிலாளி ஒருவர் கரைந்துபோன வரப்பைக் காட்டி, “ஏதோ புதுப் பறவை வந்திருக்காம் தம்பி. கேமராவும் கொண்டு வந்தவனுவ எல்லாத்தையும் சவிட்டி உடைச்சிற்றுப் போயிற்றானுவ” என்றார். உப்பு அவர் பிழைப்பு. அதே பாத்தியில் ஓடித் திரியும் கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவுதான். ஆர்க்டிக் தூந்திரப் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வரும் பறவை அது. திரும்பிப் போவதற்கான கொழுப்பைப் பங்குனிக்குள் இங்கேதான் சேர்த்தாக வேண்டும். நாம் கிளப்பி விரட்டும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் குறைகிறது.

ஆறுமணிக்குருவியைப் புளூடூத் ஸ்பீக்கரில் அதன் இனத்தின் குரலையே போட்டு வெளியே இழுப்பதையும் விட்டுவிடுங்கள். இரை தேட வேண்டிய நேரத்தில், இல்லாத எதிரியைத் தேடி அது அலைகிறது.

ஆந்தைகளுக்கு ஆபத்து நம்மிடமிருந்து மட்டும் வருவதில்லை. வீட்டருகே கத்தினால் ஆகாது என்று கல்லெறிபவர்கள் உண்டு. மாந்திரீகத்துக்காகப் பிடித்து விற்பவர்களும் உண்டு. கூகை அடையும் பாழ்மண்டபத்தின் படம் எந்தெந்தக் கைகளுக்குப் போகும் என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ‘வேட்டை’ வரையறைக்குள் பறவையின் முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு செய்வதும் அடங்கும்.

பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இணையதளமான இ-பேர்டில் போட்டால் அதுவே மறைத்துவிடும் என்று நம்புகிறோம். சில இனங்களுக்கு மட்டும்தான் அது துல்லியமான இடத்தைக் காட்டாமல் விடுகிறது. சாதாரணப் பறவையின் கூட்டுக்கு அந்தக் காப்பு கிடையாது. பட்டியலை நாமே சில காலம் மறைத்து வைக்கலாம், அந்த வசதி இருக்கிறது. படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் அதோடு போய்விடக்கூடும். அதெல்லாம் இல்லாவிட்டாலும், பின்னால் மருந்துவாழ் மலையின் ஒரு தோளும் முன்னால் ஒரு மடையும் தெரிந்தால் போதும், நம்மூர்க்காரர் எந்த வரப்பு என்று சொல்லிவிடுவார். வெட்டிவிட்டுப் போடுங்கள்.

குழுப் பொறுப்பாளர்களே, பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு முன்பாக இந்த ஒரு விதியைக் குழுவில் எழுதி வையுங்கள். மீறி லொக்கேஷன் வந்தால் உடனே நீக்குங்கள். போட்டவரைத் திட்ட வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், பெரும்பாலும் புதிதாக வந்த இளைஞராகத்தான் இருப்பார். அரிய பறவையின் விவரத்தைக் குழுவில் இருவர் மட்டும் வாங்கிக் குறித்து வையுங்கள். பறவை போன பிறகு, கண்டவர் பெயரோடு வெளியிடுங்கள். முதலில் கண்ட பெருமை அவருக்கு அப்போதும் குறையாது.