காதோடு சொன்னால் அது முணுமுணுப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தணிந்த குரலில் யார் என்ன சொன்னாலும் 'முணுமுணுத்தார்' என்று எழுதிவிடுவது நாளிதழ்களில் வழக்கமாகிவருகிறது. விபத்தில் அடிபட்டவர் வலி தாளாமல் முணுமுணுக்கிறார். மேடையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவர் காதில் முணுமுணுக்கிறார். முன்னவர் முனகுகிறார், பின்னவர் கிசுகிசுக்கிறார். இருவருமே முணுமுணுக்கவில்லை.

வேறுபாடு தொண்டையில் இருக்கிறது. குரல்வளை மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள். கிசுகிசுக்கும்போது அதிர்வே இராது, வெறும் காற்றுதான். முணுமுணுக்கும்போது விரலில் அதிர்வு தட்டும். குரல் உண்டு, வாய்தான் சரியாகத் திறக்கவில்லை, சொல் உதட்டுக்குள்ளேயே குழைந்துவிடுகிறது. சொல்லின் ஒலியும் அதற்கு ஏற்றதே. மகரமும் ணகரமும் மூக்கொலி. மெல்லினத்துக்கு இடம் மூக்கு என்கிறது நன்னூல். 'கிசுகிசு'வில் வரும் 'சு' காற்றொலி. முனகலுக்கோ சொல்லே தேவையில்லை.

முணுமுணுப்பு என்றாலே அதிருப்தி என்பதும் பாதிதான் சரி. 'கட்சிக்குள் முணுமுணுப்பு' நல்ல தலைப்பு. ஆனால் பாட்டையும் முணுமுணுக்கலாம். சித்தர் சிவவாக்கியர் கேலி செய்வது, நட்ட கல்லைச் சுற்றிவந்து 'முணமுண'வென்று சொல்லும் மந்திரத்தைத்தான். எதிர்ப்பை மட்டும் சொல்ல 'முறுமுறு' இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் மாரா என்னும் இடத்தின் கசந்த தண்ணீரைக் குடிக்கமாட்டாத ஜனங்கள் தங்கள் தலைவர் மோசேக்கு விரோதமாக முறுமுறுக்கிறார்கள். றகரத்தின் கரகரப்பு அங்கே கச்சிதமாக விழுகிறது. வெளியிலோ அந்த ஒலி தோசைக்கும் முறுக்குக்கும் போய்விட்டது!

எழுத்துப் பிழையும் குறைவில்லை. 'முனுமுனு' ஒரு பிழை; முதலில் ண, பிறகு ன என்று 'முணுமுனுத்தார்' ஆவது அதைவிட மோசம். இரண்டிடத்திலும் டண்ணகரமே (ண). 'முணுமுணுகிறார்' என்பதும் தவறு, ககரம் இரட்டித்து 'முணுமுணுக்கிறார்' என்றே வர வேண்டும். இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்பது தொல்காப்பியம். பத்தியின் அகலம் குறுகும்போது 'முணு' ஒரு வரியிலும் 'முணுத்தார்' அடுத்த வரியிலும் விழுகின்றன; பக்கம் வடிவமைப்பவர்கள் சொல்லை முழுதாகக் கீழே இறக்கிவிடலாம்.

'கிசுகிசு' சினிமா வம்புக்குப் பெயராகிவிட்டதால் செய்தியாளர்கள் அந்த வினையைத் தவிர்க்கிறார்கள் போலும். 'காதோடு சொன்னார்' என்று எழுதினால் போதுமே.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்