தோலை ஏனடா உள்ளே போடுகிறாய்?

திருநெல்வேலி

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. பதில் போடாததற்குச் சாக்கு சொல்லப் போவதில்லை. பரீட்சைத் தாள், அம்மாவின் முழங்கால், இரண்டும் உனக்குத் தெரிந்த கதைதான். வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது. நம் ஹாஸ்டல் வார்டன் இன்னும் இருக்கிறார், இன்னும் உன்னைத்தான் திட்டுகிறார்.

இன்றைக்கு என்னை எழுத வைத்தது நீ அனுப்பிய போட்டோ. ஹூஸ்டன் ஆபீஸ், மேஜையில் அரை லிட்டர் பிடிக்கிற தெர்மாகோல் கப், அதில் டீ, டீயில் தோலோடு மிதக்கும் எலுமிச்சைத் துண்டுகள். மெஸ் சாம்பாரிலேயே எலுமிச்சை பிழிந்தவன் நீ, அது தொலையட்டும். தோலை ஏனடா உள்ளே போடுகிறாய்?

தோலைக் கிள்ளினால் தெறிக்கிறதே எண்ணெய், அதில் பெரும்பங்கு லிமோனீன். உன் தெர்மாகோல் கப், பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். லிமோனீன் பட்டால் பாலிஸ்டைரீன் கரையும், சூடு இருந்தால் இன்னும் தோது. எண்ணெய் மேலே மிதப்பதால் டீ நிற்கிற மட்டத்தில்தான் அரிக்கும். குடித்து முடித்ததும் உட்சுவரை விரலால் தடவிப் பார். சாற்றால் ஒன்றும் ஆகாது, பிழிந்துவிட்டுத் தோலைத் தூர எறி. போன வாரம் ப்ளஸ் டூ வகுப்பில் ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து குழி விழுவதைக் காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், வைகை அணையில இதைப் பிழிஞ்சிருந்தா?" என்றான். அன்றைக்கு அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

"ரொம்ப நேரம் சூடு தாங்குது, கை சுடவே இல்லை" என்று கப்பைப் புகழ்ந்திருக்கிறாய். அந்தப் புகழ் காற்றுக்குச் சேர வேண்டியது. பென்டேன் என்ற, சட்டென ஆவியாகும் திரவம் ஏற்றிய பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் உப்ப வைத்து, அச்சில் ஒட்டவைத்துத்தான் கப் செய்கிறார்கள். முடிந்தபின் அதில் 90 சதவீதத்துக்கு மேல் காற்றுதான். சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டு நகர முடியாத காற்று என்பதால் சூடு வெளியே வரத் திணறுகிறது. எவர்சில்வர் அதைவிடச் சுமார் 400 மடங்கு கடத்தும். ஆனால் மேல்பக்கம்? பக்கச் சுவர் அடைத்திருந்தால் மீதிச் சூடு பெரும்பாலும் ஆவியோடு மேலேதான் போகும். நீ மூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கப்புக்குச் சான்றிதழ் கொடுக்கிறாய்!

டீயில் கப் உருகிவிடும் என்று உன் மச்சினன் பரப்புவதையும் நம்பாதே. பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இளகத் தொடங்கும். கொதிக்கிற எண்ணெய் ஊற்றினால்தான் ஓட்டை விழும். பாலிஸ்டைரீனின் மூலப்பொருளான ஸ்டைரீன் கொஞ்சம் டீயில் இறங்குவது உண்மை, சூடும் கொழுப்பும் கூடினால் அதுவும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனை 2ஏ பிரிவில் சேர்த்தது, அதாவது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற பிரிவு. எவ்வளவு ஆபத்து என்பதை அந்தப் பிரிவு சொல்லாது, ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் சொல்லும்.

என் கவலை வேறு. அதே முகமை 2016லேயே, 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானத்தையும் அதே 2ஏ பிரிவில்தான் வைத்தது. காரணம் உணவுக்குழாய்ப் புற்றுநோய். டம்ளரில் குடித்தால் விரலும் உதடும் முதலில் எச்சரிக்கும், ஆற்றித்தான் குடிப்போம். உன் கப் கையிடம் எதுவும் சொல்லாது. ஆவி பறக்கிற டீயை வாய்க்குள் ஊற்றிக்கொண்டு, ஸ்டைரீனைப் பற்றி மட்டும் கூகிளில் தேடுகிறாய். மெஸ் மாணிக்கம் அண்ணன் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதைப் பெருமையாகச் சொல்வாரே. அவருக்குப் புற்றுநோய் உணவுக்குழாயில்தான் வந்தது. அதனால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், பீடியும் இருந்தது. ஆனால் கடைசி மாதங்களில் தண்ணீர்கூட இறங்காமல் அவர் கிடந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். கொஞ்சம் ஆறவைத்துக் குடிடா.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் கப்புக்குத் தடை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கும் சேர்த்துத்தான். ஆனால் எங்கள் தெருமுனையில் காகிதக் கப் ஜோராக ஓடுகிறது. கரக்பூர் ஐஐடி சோதித்ததில், அதில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் நின்றால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள் இறங்கியதாம். கடைக்காரரிடம் சொன்னேன். "வாத்தியாருக்கு மட்டும் கண்ணாடி கிளாஸ்" என்று கொடுத்துவிட்டார்.

சரி, டிசம்பரில் சங்கரன் மகள் கல்யாணத்துக்கு வருகிறாயா இல்லையா? டிக்கெட் போட்டதும் எழுது. மாடி அறையை ஒழித்து வைக்க வேண்டும், அங்கே இப்போது நெல் மூட்டை கிடக்கிறது.

அன்புடன்,
கணேசன்