துணை மின் நிலையம் வந்தால் போதாது, பீடரும் பிரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய துணை மின் நிலையம் வருகிறது என்றாலே ‘இனி லோ வோல்டேஜ் தொல்லை இல்லை’ என்று செய்தி போட்டுவிடுகிறோம். அங்கிருந்து ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 11 கே.வி. (11,000 வோல்ட்) மின்தடங்களான பீடர்கள் எத்தனை புறப்படுகின்றன, பழைய பீடரின் சுமையை எந்த இடத்தில் பிரிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு பீடரின் நீளமும் சுமையும் பாதியானால், கடைசி முனையில் மின்னழுத்த இறக்கம் நான்கில் ஒரு பங்காகும். கம்பியில் சூடாகி வீணாகும் மின்சாரம் எட்டில் ஒரு பங்குதான். 33 கே.வி.யை 11 கே.வி. ஆகக் குறைக்கும், 10 எம்.வி.ஏ. (மெகா வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள மின்மாற்றி 11 கே.வி. பக்கம் சுமார் 525 ஆம்பியர் தரும். பீடருக்கு 150 ஆம்பியர் வைத்தால் 4 பீடர் வேண்டும். கம்பம் நட இடம் கிடைக்கவில்லை என்று 2 பீடரோடு நிறுத்தினால், மின்மாற்றித் திறனில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சும்மா கிடக்கும். பீடர் போகும் பாதை முடிவான பிறகே நிலையத்துக்கு அடிக்கல் நாட்டுவது நல்லது. நடப்பது பெரும்பாலும் நேர்மாறு!

கண்ணில் படாத இன்னொரு வேலை எர்த்திங், அதாவது பழுதின்போது பாயும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் ஏற்பாடு. மண்ணின் மின்தடையைக் கோடையில், மண் காய்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்தால் தடை குறைவாக, நல்ல எண்ணாக வரும். அதை நம்பி மண்ணுக்குள் பதித்த இரும்பு வலை வெயில் காலத்தில் கைவிட்டுவிடும். சுமார் 60 செ.மீ. ஆழத்தில் இரும்புப் பட்டைகளை வலையாகப் பதித்து, ஒவ்வொரு இணைப்பையும் வெல்டு செய்து, துருப்பிடிக்காமல் தார் பூச வேண்டும். மேலே 10 முதல் 15 செ.மீ. ஜல்லி. அது புல் முளைக்காமல் இருக்க மட்டும் போடுவதல்ல. மின்பழுதின்போது அங்கே நிற்பவரின் கால் வழியாக மின்சாரம் ஏறாமல் தடுப்பது அந்த ஜல்லிதான். சேறு படிந்து இடைவெளி அடைபட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பேட்டரி அறையையும் பாருங்கள். பழுதை ரிலே என்ற கண்காணிப்புக் கருவி கண்டுபிடித்தாலும், மின் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்க வைப்பது பேட்டரியின் மின்சாரமே. 110 வோல்ட் தொகுப்பில் 2 வோல்ட் செல்கள் 55 இருக்கும். தொடர் இணைப்பு என்பதால் ஒரு செல்லின் இணைப்பு விட்டாலும் பிரேக்கர் அசையாது. பழுதின் பாதிப்பு இங்கே மின்சாரம் அனுப்பும் மேல்நிலையம் வரை ஏறும், நாலைந்து ஊர் இருளும்.

திறப்பு விழாத் தேதிக்காகச் சோதனைகளைச் சுருக்கக் கூடாது. மின்மாற்றி எண்ணெயில் ஈரம் இருந்தால் வடிகட்டி மறுபடி சோதிக்கத்தான் வேண்டும். மின்மாற்றிக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சுவாசக் குடுவையின் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிவிட்டால் அதை மாற்ற வேண்டும். முதலில் சுமையில்லாமல் மின்னேற்றி இரைச்சலையும் வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். பீடரை மாற்றும் அன்று ஃபேஸ் வரிசையை, அதாவது மூன்று மின்கம்பிகளின் வரிசையை, சரிபார்ப்பதும் கட்டாயம். இரண்டு கம்பி இடம் மாறினால் மும்முனை மோட்டார்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றும். பம்பு ஓடும், தண்ணீர் சரியாக ஏறாது.

இப்படிக்கு,
மின் பகிர்மானத் துறை வாசகர்