ஏழு குட்டை, ஒரு நெட்டை

அன்புள்ள ஜெனோ,

நீ போனை வைத்து இன்றோடு பத்தொன்பது நாள். வாட்ஸாப்பில் நீலக்கோடு மட்டும் விழுகிறது. கடலில் சிக்னல் அப்படித்தான் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். நாற்பது வருஷம் என் கடிதத்துக்குக் காத்திருந்தவள், நம்புவாளா?

டைட்டானிக் இந்தக் காலத்தில் முங்கினால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டாயே. நான் பேச்சை நீ கப்பலில் பயணிகளுக்கு நடத்துகிற டிரில் பக்கம் திருப்பினேன், நீ வைத்துவிட்டாய். கேட்டதற்கு இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

செய்தி சீக்கிரம் போகும், அது நிச்சயம். 1912-ல் பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் ஒரே வயர்லெஸ்காரர் தூங்கிவிட்டார். 2012-ல் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் இடித்தபோது, கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜில் இருந்தவர்கள் வாய் திறக்குமுன்னே ஒரு பயணி வீட்டுக்குப் போன் போட்டு, வீட்டார் போலீஸுக்குச் சொல்லி, கரையிலிருந்து கப்பலைக் கேட்டார்கள். கரண்ட் போயிருக்கிறது, வேறொன்றுமில்லை என்றது கப்பல். 2014-ல் கொரியாவின் செவோல் கப்பல் முங்கியபோது அதிலிருந்து முதல் அவசர அழைப்பு வந்ததே ஒரு பள்ளிப் பையனின் போனிலிருந்துதான். ஆனால் பொய்யும் கூடவே ஓடும். டைட்டானிக் முங்கிய அன்று சில பத்திரிகைகள் எல்லோரும் பத்திரம், கப்பலை ஹாலிஃபாக்ஸுக்கு இழுத்து வருகிறார்கள் என்று போட்டன. 102 வருஷம் கழித்து கொரிய டிவியும் மாணவர்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்றது. 476 பேரில் 304 பேர் போனார்கள். அதில் 250 பேர் அந்தப் பிள்ளைகள்.

டைட்டானிக்கில் முதலில் இறங்கிய லைஃப்போட் 65 பேர் பிடிக்கும். 28 பேரோடு போனது. பெரிய கப்பலை விட்டு இருட்டில் சின்னப் போட்டுக்குப் போக யாருக்கு மனசு வரும்? இன்றைக்கு அந்த ஆள் நின்று வீடியோ எடுப்பான். அவனைத் திட்டாதே. யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிறான். சொல்ல வேண்டியவன் நீ. செவோலில் இருந்த இடத்திலேயே இருங்கள் என்றார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். அதனால் எந்த டெக், எந்தப் படி என்று சொல். கான்கார்டியாவில் கப்பலைக் கைவிடச் சொல்லவே எழுபது நிமிஷம் ஆனது. அதற்குள் கப்பல் சாய்ந்து, உயர்ந்த பக்கத்துப் போட்டுகள் கப்பலின் பக்கச்சுவரில் உரசின. போட்டை இறக்குகிற டேவிட் கை 20 டிகிரி சாய்வுக்குத்தான் ஜவாப்தாரி. உனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

கான்கார்டியாவில் அன்று சாயங்காலம் ஏறியவர்களுக்கு மஸ்டர் டிரில், அதாவது ஏழு குட்டை, ஒரு நெட்டை என்று அபாயச் சங்கு ஊதி ஆட்களைக் கூட்டிப் பழக்குவது, நடக்கவே இல்லை. அதற்கப்புறம்தான் கிளம்புமுன்னே, இல்லையென்றால் கிளம்பிய உடனே நடத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. நீ பதினைந்து நிமிஷத்தில் முடித்தேன் என்று சிரித்தது அந்த டிரில்லைத்தான்.

ஆளை எண்ணு. லைஃப் ஜாக்கெட் வாரைக் கையால் இழுத்துப் பார். போட்டைத் தொங்கவிடுகிற முன் ஹூக், பின் ஹூக் இரண்டும் முழுசாக ரீசெட் ஆகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துக் கண்ணால் பார். இண்டிகேட்டர் பச்சை காட்டியது என்று போய்விடாதே. ஹூக் தவறித் திறந்தாலும் போட் விழாமலிருக்க மாட்டியிருக்கும் ஃபால் பிரிவென்டரை எப்போது எடுக்க வேண்டும் என்று போட் குரூ ஒவ்வொருவனையும் கேள். ஆளை எண்ணு.

தேர்ட் ஆபீசர் உடுப்பில் நீ நிற்கிற படத்தை வருகிறவர்களுக்கெல்லாம் பெரியப்பாதான் காட்டுகிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்று மாசத்துக்கு ஒருமுறை போட்டைத் தண்ணீரில் இறக்கி ஓட்ட வேண்டும். நான் சீஃப் மேட்டாக இருந்த ஒரு கப்பலில் இறக்கவில்லை. ஹூக் தானாகத் திறந்து, டிரில்லிலேயே ஆள் செத்துக்கொண்டிருந்த காலம். எனக்குப் பயம். இறக்கியதாகக் கப்பலின் லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உன் பதினைந்து நிமிஷத்தைக் கேட்டதும் எனக்கு அந்தக் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது. குரல் உயர்ந்தது அதனால்தான்.

நீ கேட்ட மக்ரூன் டப்பா பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அடுத்த போர்ட்டில் அம்மாவுக்குப் போன் போடு. எனக்கு வேண்டாம், ஹூக்கைப் பார்த்தாயா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அப்பா